குளிர்காலத்துக்குப் படகைப் போர்த்துவது: எந்த மூடி, எந்தச் சட்டகம், எப்படிக் கட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவில் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒக்டோபர் நன்றியறிதல் நாளோடு பருவம் முடிந்துவிடும். விக்டோரியா நாள் வரும்வரை, ஏறத்தாழ ஏழு மாதம், படகு வீட்டு முற்றத்திலோ மரீனாவின் முற்றத்திலோ கிடக்கும். 14 முதல் 26 அடி வரையான படகை ட்ரெய்லரிலோ ஸ்டாண்டிலோ (தரையில் நின்று படகைப் பக்கங்களில் தாங்கும் தனித்தனிக் கால்கள்) வெட்டவெளியில் நிறுத்தி வைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். மூடி வாங்கப் போகிறவர்கள் துணியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். படகைக் காப்பாற்றுவதில் துணிக்குப் பங்கு கொஞ்சம்தான். அதன் அடியில் நிற்கும் சட்டகம், இரு முனையிலும் காற்றுக்கு விட்ட வழி, கயிறு கட்டிய இடம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் மலிவான தறப்பாள் (தார்ப்பாய்) கூட ஒரு குளிர்காலத்தைத் தாண்டும்.

மூடாமலே விட்டால் என்ன ஆகும்? ஃபைபர் கிளாஸ்தானே?

குளிர் மட்டும் ஃபைபர் கிளாஸை ஒன்றும் செய்யாது. கெடுதல் தண்ணீரால் வருகிறது. இலைகள் தளத்தின் வடிகால் துளையை அடைக்கும். மழைநீர் உள்ளே தேங்கும். உறையும்போது தண்ணீர் கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருகும். கிளீட் (கயிறு கட்டும் கொம்பு), கைப்பிடிக் கம்பி, இருக்கைத் தாங்கி போன்றவற்றின் திருகுத் துளைகளில் புகுந்த ஈரம் உறைந்து விரியும், அடுத்த வெயிலில் உருகி இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும், மறுபடி உறையும். தளத்தின் உள்ளே பிளைவுட்டோ பால்சா மரமோ வைத்துக் கட்டிய படகுகளில் இப்படித்தான் மரம் உளுத்துப் போகிறது. மேலே நடக்கும்போது தரை மெத்தென்று அமுங்கினால்தான் பலருக்கு விஷயமே தெரிய வரும். அதற்குள் செலவு மூடியின் விலையைப் போலப் பல மடங்காகியிருக்கும்.

எஞ்சின் பெட்டிக்குள் தண்ணீர் ஏறி உறைவது வேறு கதை. உள்ளே எஞ்சின் வைத்த படகை மூடாமல் விடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கோடையில் போடும் கான்வஸ் கூடாரமே இருக்கிறது. அதையே விட்டுவிடலாமா?

வேண்டாம். வெயில் கூரை, பக்கத் திரை, தெளிவான வினைல் சன்னல் எல்லாம் மழைக்கும் வெயிலுக்கும் தைத்தவை. பனியின் பாரம் விழுந்தால் முதலில் அலுமினியக் குழாய் வளையும், பிறகு சிப் (ஜிப்) பிய்யும். குளிரில் விறைத்த தெளிவினைலை மடித்தால் கண்ணாடி போல விரிசல் விடும். குளிர் தொடங்குமுன் கழற்றி, மென்மையான சவர்க்காரத்தில் கழுவி, முழுக்க உலர்த்தி, சன்னல் பகுதியை மடிக்காமல் பழைய விரிப்போடு சேர்த்துச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள்.

என்னென்ன வகை மூடிகள் இருக்கின்றன? எனக்கு எது?

நான்கு வகை. விலை, உழைப்பு, ஆயுள் மூன்றிலும் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

பொலிஎதிலீன் தறப்பாள்: கடையில் கிடைக்கும் நீலம், பச்சை, வெள்ளி நிறத் தறப்பாள். நீல நிறத்தில் வரும் மலிவானது பெரும்பாலும் 5 அல்லது 6 மில் தடிமன்தான் (ஒரு மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு குளிர்காலம் தாங்கினால் நல்லது. வெள்ளி அல்லது பழுப்பு நிறக் கனத்த வகை 10 முதல் 12 மில் வரை வரும். இரண்டு, மூன்று பருவம் உழைக்கும். 14 முதல் 18 அடி அலுமினிய மீன்பிடிப் படகுக்கு இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். மிச்சப்படும் காசைச் சட்டகத்தில் போடுங்கள்.

ஆயத்த மூடி: இத்தனை அடி நீளம், இத்தனை அடி அகலம், இன்ன வகைப் படகு என்று பெட்டியில் போட்டு விற்கும் பொலியெஸ்டர் மூடி. அடிவிளிம்பில் எலாஸ்டிக் இருக்கும். ட்ரெய்லரில் இழுத்துப் போகும்போது போடவும், கோடையில் மரத்தடியில் நிறுத்தும்போது போடவும் நல்லது. இதோடு வரும் ஒற்றைத் தாங்குகம்பியை நம்பிப் பனிக்காலத்தில் விட்டுவிடாதீர்கள். அடியில் முறையான சட்டகம் கட்டினால் மட்டும் பயன்படுத்தலாம்.

அளவெடுத்துத் தைத்த மூடி: படகுக்கென்றே வெட்டிய குழாய்ச் சட்டகமும் அதற்கென்றே தைத்த கான்வஸும். முதல் செலவு கூடுதல்; ஆனால் பத்து ஆண்டு அளவில் உழைக்கும். 20 அடிக்கு மேல் உள்ள படகை நீண்டகாலம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகும். சட்டகத் துண்டுகளில் எண் எழுதாமல் பிரித்துப் போட்டுவிட்டு அடுத்த ஒக்டோபரில் புதிர் விடுவிக்கும் ஆட்கள் எல்லா மரீனாவிலும் உண்டு. பிரிக்கும்போதே வண்ண டேப்பும் எண்ணும் போடுங்கள்.

ஷ்ரிங்க் ராப்: சூடு காட்டினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் படலம். இதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

ஷ்ரிங்க் ராப் நல்லதா?

நன்றாகச் செய்தால் மிக நல்லது. மேளத் தோல் போல இறுகி நிற்பதால் காற்றில் படபடக்காது, பனி வழுக்கி விழும். படகுக்குப் பொதுவாக 7 மில் தடிமன் படலம் போடுவார்கள். நடுவில் ஒரு முகட்டு நாடா, படகைச் சுற்றி விளிம்புக்குக் கீழே ஒரு பட்டை, அந்தப் பட்டையைக் கீழே இழுத்துப் பிடிக்க அடிவயிற்றின் குறுக்கே சில பட்டைகள் என்று எலும்புக்கூடு கட்டி, அதன் மேல் படலத்தை விரித்து, ஓரத்தைப் பட்டையில் மடித்து ஒட்டவைத்து, பிறகுதான் மேற்பகுதிக்குச் சூடு காட்டுவார்கள்.

கெடுவது மூன்று இடங்களில். முதலாவது காற்று. படலம் துளியும் மூச்சு விடாது. வெண்ட் என்று சொல்லும் காற்றுத்துளைகள் வைக்காவிட்டால் ஏப்ரலில் இருக்கைகளில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். 20 அடிப் படகுக்கு இரு பக்கமும் சேர்த்து நான்கு முதல் ஆறு வெண்ட் கேளுங்கள். உள்ளே போய்வர ஒரு சிப் கதவும் கேளுங்கள். இரண்டாவது, வர்ணம் அடித்த படகு. படலம் நேரடியாக வர்ணத்தில் ஒட்டிக் கிடந்தால் இடையில் சிக்கும் ஈரத்தால் வர்ணம் கொப்புளம் போடும். அப்படிப்பட்ட படகில் படலத்துக்கும் வர்ணத்துக்கும் இடையே மூச்சுவிடும் துணி அல்லது ஃபோம் வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, தீ. புரொபேன் சுடரை வைத்துக்கொண்டு பெட்ரோல் தொட்டி இருக்கும் படகைச் சுற்றி வருகிற வேலை இது. தொட்டியின் காற்றுக்குழாய் வாய் எங்கே என்று தெரியாமல் தொடங்கவே கூடாது.

வாடகைக்குக் கருவி எடுத்து நீங்களே செய்யலாமா என்று கேட்பார்கள். முதல் முறை செய்பவர் படலத்தில் ஓட்டை போடுவது உறுதி. அதை டேப் ஒட்டிச் சரிக்கட்டலாம். தீயைச் சரிக்கட்ட முடியாது. பல மரீனாக்கள் தங்கள் முற்றத்தில் வாடிக்கையாளர் சுடர் கொளுத்துவதை அனுமதிப்பதே இல்லை. காப்புறுதி வைத்துள்ள ஒப்பந்தக்காரரிடம் விடுங்கள். படகின் நீளத்துக்கு அடிக்கணக்கில் விலை சொல்வார்கள்.

ஆண்டுதோறும் அந்தப் படலம் குப்பையாகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். அது குறை அடர்த்தி பொலிஎதிலீன், மறுசுழற்சி செய்யக்கூடியதுதான். சிப் கதவு, வெண்ட், பட்டை, டேப் எல்லாவற்றையும் வெட்டி நீக்கி, சுத்தமாகவும் உலர்ந்தும் கொடுத்தால்தான் எடுப்பார்கள். மரீனாவில் வசந்தகாலச் சேகரிப்பு உண்டா என்று இலையுதிர் காலத்திலேயே கேட்டு வையுங்கள்.

சட்டகம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு பள்ளம் எப்படிப் பெரிதாகிறது என்று பாருங்கள். நவம்பரில் தறப்பாளின் நடுவில் கையளவு தொய்வு. ஒரு மழையில் அதில் இரண்டு கோப்பைத் தண்ணீர் நிற்கிறது. அந்த எடைக்கு துணி இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. இரவில் அது உறைகிறது. மறுநாள் விழும் பனி வழுக்கிப் போக வழியில்லாமல் அந்த ஐஸ் தட்டின் விளிம்பில் தங்குகிறது. பகலில் பனி உருகி அதே பள்ளத்துக்கு வடிகிறது. ஜனவரிக்குள் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 10 சென்றிமீட்டர் ஆழம் என்று குட்டை கட்டிவிட்டால் அதன் எடை 100 கிலோ. அதற்கு அடியில் இருப்பது உங்கள் முன்கண்ணாடி.

பனியின் எடை இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும். புதிதாக விழுந்த உலர்பனி கனமீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. மழையோடு கலந்த ஈரப்பனி 300 கிலோவையும் தாண்டும். 18 அடி நீளம், 8 அடி அகலப் படகின் மேற்பரப்பு ஏறத்தாழ 13 சதுர மீட்டர். தட்டையாகப் போர்த்திய அந்தப் பரப்பில் 30 சென்றிமீட்டர் ஈரப்பனி உட்கார்ந்தால் ஒரு தொன்னுக்கு மேல். எந்தத் துணியும் இதைத் தாங்கப் போவதில்லை. பனி உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. அதற்குச் சரிவு வேண்டும். 45 பாகைச் சரிவு இருந்தால் பெரும்பாலான பனி தானாக இறங்கிவிடும்.

ஏரிக்காற்றுப் பனி (ஏரியைக் கடந்து வரும் குளிர்காற்று ஈரத்தை வாங்கிக் கரையில் கொட்டும் பனி) விழும் பட்டையில், அதாவது பேரி, ஓவன் சவுண்ட் பக்கம் அல்லது எல்லைக்கு அப்பால் பஃபலோ பக்கம், இருப்பவர்கள் இதில் சலுகை எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022 நவம்பரில் பஃபலோவுக்குத் தெற்கே ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் ஊர்களில் ஒரே புயலில் 6 அடிக்கு மேல் கொட்டியது.

சரி, சட்டகத்தை எப்படிக் கட்டுவது?

18 அடி நீளம், 8 அடி அகலமுள்ள சாதாரண மீன்பிடிப் படகை எடுத்துக்கொள்வோம்.

நடுவில் முன்முனையிலிருந்து பின்பலகை வரை ஒரு முகட்டு மரம். 2×4 மரத்தை நெட்டுக்குத்தாக, குறுகிய பக்கம் மேலே வருமாறு வையுங்கள். படுக்கையாக வைத்தால் நடுவில் வளையும். ஒரே நீளத்தில் கிடைக்காவிட்டால் இரண்டு துண்டை, மூன்றடித் துண்டு மரத்தைப் பக்கத்தில் வைத்துத் திருகிச் சேர்க்கலாம். இந்த முகடு படகு விளிம்பிலிருந்து 4 அடி உயரத்தில் இருக்க வேண்டும். பாதி அகலம் 4 அடி, உயரம் 4 அடி: சரிவு 45 பாகை.

முகட்டைத் தாங்க நான்கு அடிக்கு ஒரு கால். காலின் அடியில் ஓரடிச் சதுர பிளைவுட் பலகையும் அதன் கீழ் பழைய கம்பளத் துண்டும் வையுங்கள். கால் உறுதியான தளத்தில் நிற்க வேண்டும். மீன்பெட்டி மூடியிலோ இருக்கையிலோ நிற்கக் கூடாது. ஒவ்வொரு காலின் உச்சியையும் இருபுறக் கிளீட்டுக்கும் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் பெருங்காற்றில் முகடு சாய்ந்து படுத்துவிடும்.

முகட்டிலிருந்து இரு விளிம்புக்கும் மூன்றடிக்கு ஒன்றாக விலாக் கம்பிகள். மின்வேலைக்கு விற்கும் முக்கால் அங்குல ஈ.எம்.டி (மெல்லிய உலோக) குழாய் இதற்குத் தோதானது: பத்தடி நீளமாகக் கிடைக்கும், வளைக்கலாம், துருப்பிடிக்காத பூச்சு உண்டு. பீ.வி.சி குழாயை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பாரத்தில் தொய்யும், கடுங்குளிரில் படக்கென்று உடையும், உடைந்த முனை கத்தியாகத் துணியைக் கிழிக்கும். விலாக்களின் கீழ்முனையை, துளை போட்ட டென்னிஸ் பந்தில் செருகி விளிம்பில் உட்கார வைத்தால் ஜெல்கோட்டில் (ஃபைபர் கிளாஸின் பளபளப்பான மேல்பூச்சு) கீறல் விழாது.

விலாக்களுக்கு இடையே தொய்வு வராமல் இருக்க, பக்கத்துக்கு மூன்று வரிசையாகப் பொலிபுரொபிலீன் பட்டையை முன்முனையிலிருந்து பின்பக்கம் வரை இறுக்கி ஓடவிடுங்கள். பத்து நிமிட வேலை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கையளவுத் தொய்வு தொடங்குவது இங்கேதான்.

கடைசியாக, துணி படும் இடமெல்லாம் கையைத் தடவிப் பாருங்கள். கைக்கு உறுத்துவது துணியைக் கிழிக்கும். திருகுத் தலை, மரத்தின் கூர் விளிம்பு, முன்கண்ணாடி மூலை, கிளீட், விளக்குக் கம்பம் எல்லாவற்றிலும் குழாய்க்குப் போடும் ஃபோம் உறையோ கம்பளத் துண்டோ சுற்றி டக்ட் டேப் ஒட்டுங்கள்.

தறப்பாளின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

அதே படகு. முகட்டிலிருந்து விளிம்பு வரை சாய்நீளம் 5 அடி 8 அங்குலம். விளிம்புக்குக் கீழே ஒன்றரை அடி தொங்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு 7 அடி 2 அங்குலம், இரண்டு பக்கத்துக்கும் 14 அடி 4 அங்குலம். நீளத்துக்கு, படகு 18 அடி, வெளியே நீட்டும் எஞ்சினுக்கு 2 அடி, முன்னும் பின்னும் இறங்க இரண்டிரண்டு அடி: 24 அடி. ஆகக் குறைந்தது 16×24 தறப்பாள் வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் ஓரம் தைக்குமுன் வெட்டிய அளவு. தைத்த பிறகு ஒவ்வொரு பக்கமும் ஆறு அங்குலம் வரை குறைந்திருக்கும். கணக்கு மயிரிழையில் வந்தால் அடுத்த அளவை எடுங்கள்.

ஆயத்த மூடி வாங்குபவர்கள் நடுக்கோட்டு நீளத்தை எடுக்க வேண்டும்: முன்முனையிலிருந்து பின்பலகை வரை நேர்கோட்டில். டேப்பைத் தளத்தின் வளைவோடும் முன்கண்ணாடி மேலும் ஏற்றி இறக்கி எடுத்தால் அளவு தவறும். பின்னால் நீச்சல் தட்டு இருந்தால் அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அகலத்தை மிக அகன்ற இடத்தில் எடுங்கள்.

டெனியர், அவுன்ஸ் என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே?

டெனியர் நூலின் கனத்தைச் சொல்கிறது, நெசவின் நெருக்கத்தை அல்ல. 300 டெனியர் மெலிந்தது. பனிக்காலத்துக்கு 600க்குக் கீழே போக வேண்டாம். அவுன்ஸ் என்பது ஒரு சதுர யார்ட் துணியின் எடை. தைத்த மூடிகளில் 9 முதல் 11 அவுன்ஸ் வழக்கம். சன்பிரெல்லா போன்ற சாயம் ஊறிய அக்ரிலிக் துணி வெயிலுக்கு அசையாது, மூச்சும் விடும். ஆனால் உரசலுக்குச் சீக்கிரம் தேயும். பொலியெஸ்டர் உரசலுக்குக் கெட்டி, வெயிலில் முன்னதாக வெளிறும். வினைல் பூச்சுத் துணியில் ஒரு சொட்டு உள்ளே போகாது. உள்ளிருக்கும் ஈரமும் ஒரு சொட்டு வெளியே வராது.

துணி நன்றாக இருக்கத் தையல் பிரிகிற மூடிகள் நிறைய. வெயில் முதலில் தின்பது நூலைத்தான். சில ஆண்டுக்கு ஒருமுறை கான்வஸ் கடையில் மறுதையல் போட்டால் மூடிக்கு மறுபிறவி.

எங்கே கட்டுவது? ஸ்டாண்டில் கட்டலாமா?

ஸ்டாண்டில் ஒருபோதும் கட்டாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். தறப்பாளைக் காற்று தூக்கும்போது அந்த இழுப்பு முழுவதும் ஸ்டாண்டின் காலுக்குப் போகும். விட்டு விட்டு இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்டாண்ட் நகரும். பிறகு படகு சாயும். பக்கத்துப் படகும் சேர்ந்து விழலாம். எதிரெதிர் ஸ்டாண்டுகள் படகின் அடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் குனிந்து பாருங்கள்.

சரியான முறை: கயிற்றைப் படகின் அடியால் மறுபக்கத்துக்குக் கொண்டுபோய், தறப்பாளின் இரு ஓரத்தையும் ஒன்றோடொன்று கட்டுவது. ட்ரெய்லரில் நிற்கும் படகானால் ட்ரெய்லர்ச் சட்டத்தில் கட்டலாம். எடை தொங்கவிடுபவர்கள் மணல் மூட்டை தொங்கவிடுங்கள். தண்ணீர்க் குடுவை உறைந்து வெடிக்கும். காற்றில் ஆடிப் படகின் பக்கத்தை இடிக்கும்.

கயிறு பொலியெஸ்டராகவோ பொலிபுரொபிலீனாகவோ இருக்கட்டும். நைலோன் நனைந்தால் நீளும். காலையில் இறுக்கியது மாலையில் தளரும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு குளிரில் உயிரற்றுப் போகும், கொக்கி கழன்றால் கண்ணுக்கும் ஆபத்து.

தறப்பாளின் உலோக வளையங்களை அதிகம் நம்பாதீர்கள். காற்று ஒரே வளையத்தில் மாறி மாறி இழுக்கும்போது வளையத்தைச் சுற்றிய நெசவு நீள்வட்டமாக விரிந்து, ஒரு மூலையில் இழை அறுந்து, பிறகு வளையம் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வரும். உறுதியான பிடி வேண்டுமானால் ஒரு மழமழப்பான கூழாங்கல்லைத் துணியின் உள்பக்கம் வைத்து, வெளியிலிருந்து அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்டுங்கள். இழுப்பு ஒரு புள்ளியில் விழாமல் துணியில் பரவும். இதில் கிழிசல் அபூர்வம்.

காற்றுப் புகாமல் இறுக்கி மூடுவதுதானே பாதுகாப்பு?

நேர்மாறு. பகல் வெயிலில் மூடிக்குள் சூடேறும், ஈரம் காற்றில் கலக்கும். இரவில் துணியின் உள்முகத்தில் துளித்துளியாகப் படிந்து சொட்டும். வெளியே வழியில்லாவிட்டால் அதே தண்ணீர் ஏழு மாதமும் உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். முன்முனையிலும் பின்பக்கமும் முகட்டுக்கு அடியில் முக்கோண வடிவில் ஒரு திறப்பு விடுங்கள். பனி அடிக்காதபடி மேலே துணி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். படகுக்குள் எல்லாப் பெட்டி மூடிகளையும், குளிர்பெட்டியையும் திறந்து வையுங்கள். ஈரம் உறிஞ்சும் கல்சியம் குளோரைட்டு வாளிகள் மூடிய சிறு அறைக்குள் உதவும். திறந்த படகில் அவை வெளியுலகத்து ஈரத்தை உறிஞ்சி நிரம்பி, கவிழ்ந்தால் உலோகத்தை அரிக்கும்.

ஹீட்டர் போட்டு விட்டுப் போவது வேண்டாம். மூடிக்குள் எஞ்சினையோ புரொபேன் ஹீட்டரையோ ஓட்டுவது கார்பன் மொனொக்சைட் சாவு.

மூடுவதற்கு முன் படகில் என்ன செய்திருக்க வேண்டும்?

எஞ்சினுக்குத் தனிப் பட்டியல் உண்டு; மூடியோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறோம். வடிகால் அடைப்பானைக் கழற்றி, தொலையாமல் ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ட்ரெய்லரின் முன்பக்கத்தை உயர்த்தி வையுங்கள், உள்ளே எது புகுந்தாலும் பின்னால் வடிந்து போகட்டும். அவுட்போர்ட் எஞ்சினை (பின்பலகையில் வெளியே மாட்டியது) நெட்டுக்குத்தாக இறக்கி விடுங்கள். தூக்கி வைத்தால் உள்ளே தண்ணீர் தங்கி உறையும். மெத்தை, உயிர்காப்பு அங்கி, நங்கூரக் கயிறு எல்லாம் வீட்டுக்கு. பற்றரியையும் கழற்றுங்கள்: முழு மின்னேற்றத்தில் உள்ள பற்றரி நம் குளிரில் உறையாது, தீர்ந்துபோன பற்றரி சுமார் −7 பாகையிலேயே உறையும்.

படகைக் கழுவி உலர்த்திய பிறகே போர்த்துங்கள். மழை பெய்த மறுநாள் அவசரமாகப் போர்த்திய படகில்தான் பூஞ்சணம் அதிகம்.

எலி?

தீனி இருந்தால் வரும், மெத்தை இருந்தால் குடும்பம் நடத்தும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். துளைகளை அடைக்க இரும்புக் கம்பளி வைக்காதீர்கள். துருப்பிடித்து ஜெல்கோட்டில் பழுப்புக் கோடு விழும். செம்பு வலை வையுங்கள். எலிக்கு அந்துருண்டையும் போடாதீர்கள், அதன் நாற்றம் ஜூலை வரை போகாது.

பொன்டூன், பாய்மரப் படகு, மரப்படகு?

பொன்டூன் (மிதவைக் குழாய்கள் மேல் தளம் வைத்த படகு) தட்டையான பெரிய மேசை என்பதால் குட்டை கட்டுவது மிக அதிகம். சுற்றுக் கம்பியின் உயரத்துக்கு மேல் நடுவில் மூன்றடி முகடு வேண்டும். தளத்துக்கு அடியில் காற்று தாராளமாகப் புகுவதால் கீழ் ஓரத்தை இரட்டிப்பாகக் கட்டுங்கள்.

பாய்மரப் படகில் கம்பத்தை இறக்கியிருந்தால் அதையே முகடாகப் படுக்கவைப்பவர்கள் உண்டு. தாங்கிகள் கம்பத்தின் எடைக்கு ஏற்றவையாக இருந்தால் சரி. கம்பம் நிற்கிறதென்றால் கம்பத்தைச் சுற்றிக் கழுத்துப்பட்டி வைத்து இரண்டு துண்டாகத் தைத்த மூடிதான் நிற்கும். தறப்பாளை வெட்டி ஒட்டும் ஏற்பாடு டிசம்பரைத் தாண்டாது.

மரப்படகுக்குப் பருத்திக் கான்வஸ் அல்லது மூச்சுவிடும் துணி. ஷ்ரிங்க் ராப் வேண்டாம்.

நிறம் முக்கியமா?

கொஞ்சம். நீலப் படலம் வெயிலை வாங்கிப் பனியைச் சீக்கிரம் உருக்கும். வெள்ளைக்குள் சூடு ஏறி இறங்குவது குறைவு, அதனால் வியர்ப்பதும் குறைவு. தெளிவான படலம் உள்ளே வேலை செய்ய வெளிச்சம் தரும்; மார்ச் வெயிலில் உள்ளே வெந்துவிடும்.

பனி விழுந்த பிறகு தட்டிவிடலாமா?

பஞ்சுப்பனியை மென்மையான தும்புத்தடியால் மேலிருந்து கீழே இழுத்து விடலாம், அல்லது உள்ளிருந்து கையால் தட்டலாம். மண்வெட்டி வேண்டாம். உறைமழைக்குப் பிறகு எதையும் தொடாதீர்கள். 2013 டிசம்பரில் ரொறன்ரோவிலும், 2025 மார்ச் கடைசியில் ஒரிலியா, பீற்றர்பரோ பக்கமும் அடித்த உறைமழை போன்றதில் துணி ஐஸ் ஓடாக விறைத்திருக்கும். அடித்தால் ஐஸோடு துணியும் உடையும். வெயில் வரும்வரை பொறுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் படகுக்கு உறைந்த தரையில் ஏணி சாத்தி ஏறுவதும் வேண்டாம்.

பெருங்காற்றுக்கும் பெரும்பனிக்கும் மறுநாள் ஒருமுறை போய்ப் பார்ப்பதுதான் பராமரிப்பு. தளர்ந்த கயிற்றை இறுக்க ஐந்து நிமிடம். படபடக்க விட்ட துணி ஒரு வாரத்தில் தானும் கிழிந்து, படகின் பளபளப்பையும் அரத்தால் ராவியது போலத் தேய்த்து வைக்கும்.

வீட்டு முற்றத்தில் நிறுத்த அனுமதி உண்டா?

நகரத்துக்கு நகரம் விதி வேறு. எத்தனை அடி நீளம், முன்முற்றமா பக்கமுற்றமா, எத்தனை மாதம் என்று கட்டுப்பாடுகள் உண்டு. ரொறன்ரோவில் 311க்கு அழைத்துக் கேட்கலாம். முகடு கட்டியதும் உயரம் நான்கடி கூடும் என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது கழற்றுவது?

ஏப்ரலின் முதல் வெயிலில் அவசரப்பட வேண்டாம். இங்கே ஏப்ரலிலும் பனி கொட்டும். மார்ச் நடுவிலிருந்து வெயில் ஏறும் நாட்களில் இரு முனைத் திறப்பையும் அகலமாக்கிவிட்டு, ஏப்ரல் கடைசியில் கழற்றுங்கள். ஷ்ரிங்க் ராப்பைக் கொக்கிக் கத்தியால், வெட்டுவாய் படகுக்கு வெளிப்புறம் பார்க்க, பட்டைக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கான்வஸை முழுக்க உலராமல் மடித்தால் கோடை முழுவதும் அது பூஞ்சணப் பண்ணை.

பழைய தைத்த மூடி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

உங்கள் படகின் அதே மொடல், அதே ஆண்டுத் தொகுதி என்றால் பார்க்கலாம். முன்கண்ணாடி, கம்பி வளைவு, எஞ்சின் எண்ணிக்கை மாறினால் பொருந்தாது. வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசித்துளை வெளிச்சம் தெரிந்தால் பூச்சு போய்விட்டது. மேல்மடிப்புத் தையலில் நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பொடிந்தால் மறுதையல் செலவை விலையில் கழியுங்கள். சட்டகக் குழாய்கள் எல்லாம் கூடவே வருகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். குழாய் இல்லாத மூடிக்குப் புதிதாகச் சட்டகம் செய்வதற்குள் புது மூடிக்கு அருகே செலவு வந்துவிடும்.